பதினேழாம் எண்ணின் பங்கு

தோங்காங்,
நவம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

"அன்புள்ள" என்று போடலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அதற்குள் கை எழுதிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

போனில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். போன பிப்ரவரியில் சந்திரப் புத்தாண்டு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினவள்தான், அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதுவும் உன்னிடம் வந்து சேரவில்லை. தபாலைத் தடுக்கிற பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் அம்மா கேட்கச் சொன்னது. "புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு வர்றாளா இல்லையான்னு கேட்டு எழுது. மீன் உருண்டைக்கு எவ்ளோ பிசையணும்னு தெரியணும்ல." அவ்வளவுதான் சொன்னாள். வருஷம் முழுக்கத் துறைமுகத்துக் கடையில் மீன் உருண்டை பிசைகிறவளுக்கு, ஒரு ஆளுக்குக் கூடவா குறைவா என்பதா பெரிய கணக்கு? நீயே புரிந்துகொள்.

இரண்டாவது என் விஷயம். ஒரு புரோகிராம் பற்றி உன்னிடம் கேட்க வேண்டும். சிரிக்காதே. "பூனப் படத்த நகத்தி வெளையாடுறதுக்கு ஒரு வாத்தியார் வேலையா? அதுக்கா நான் வாங்கிக் குடுத்த வேலைய விட்டுட்டு வந்த?" என்று சித்தப்பா குடும்பத்துக்கு முன்னால் கேட்டாயே, அந்தப் பூனையின் தொடர்ச்சிதான் இது.

ஏழாம் வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள். வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளை. அதையும் கணக்கு வாத்தியார் காவ், "இன்னிக்கு மட்டும் கடனா குடுங்க மிஸ், பரீட்சை வருது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. மிஞ்சுகிற வாரங்களில்தான் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு வாளியைக் கொண்டுவந்து வைத்து, "நான்தான் கம்ப்யூட்டர். எனக்குச் சோறு போடச் சொல்லிக் குடுங்க" என்றேன். "சோத்த எடுங்க" என்றான் ஒருவன். கையாலேயே அள்ளினேன். "ஐயே, கரண்டியால!" கரண்டியால் எடுத்து மேஜைமேல் கொட்டினேன். "கிண்ணத்துல மிஸ், கிண்ணத்துல!" கிண்ணத்தில் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன், வாளி காலியாகும்வரை. "போதும்னு யாராவது சொன்னீங்களா?" என்று கேட்டபோது வகுப்பே உருண்டு சிரித்தது. அடுத்த வாரம் பூனை திரையை விட்டு வெளியே ஓடிப்போனபோது யாரும் என்னிடம் வந்து அழவில்லை. "போன்னு சொன்னோம், நில்லுன்னு சொல்லல" என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உன் தொழிற்சாலைச் சம்பளத்தில் வாங்க முடியாது, ஆமாம்.

ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக நடந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் அந்தத் தேங்காய் மொறுமொறுப்புத் தின்பண்டப் பையை வைக்கிறோம் அல்லவா, பச்சை விளக்கு மாதிரிப் பச்சைப் பை என்றால் ஓடும் என்று; அது கடையில் தீர்ந்துவிட்டதால் பிள்ளைகள் மஞ்சள் பையை வாங்கி வைத்துவிட்டார்கள். மறுநாளே மூன்று கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டில் கோழிக்கால் போடுகிற நாளில், யாராவது வராததால் எப்போதும் ஒன்றிரண்டு மிஞ்சும். கல், காகிதம், கத்தரி விளையாடி ஜெயிக்கிறவருக்கு அது. ரூ-யின் என்று ஒரு பெண், வரிசை எண் பதினேழு, தொடர்ந்து மூன்று தடவை ஜெயித்தாள். கையை நீட்டுகிற வேகமே அப்படி. மூன்றாவது தடவை, மதியத் தூக்கத்துக்கு எல்லோரும் மேஜையில் தலை கவிழ்த்திருக்கும்போது, அவள் பையிலிருந்து எண்ணெய் கசிந்தது. பக்கத்தில் இருந்த போ-யென் பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றியிருந்த காலைத் தூக்கிப் பிடித்து, "திருடி! திங்காம திருடி வெச்சிருக்கா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் திருடவில்லை, ஜெயித்தாள். வீட்டில் இருக்கிற தம்பிக்கு எடுத்து வைத்திருந்தாள். பையை மாட்டிக்கொண்டு போனவள், மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்பா தூரக்கடல் கப்பலில் இருக்கிறார். அத்தை வீட்டில் இருக்கிறாள். நான் போய்க் கேட்டால் "தலவலிங்க" என்று அத்தை கதவைச் சாத்துகிறார்.

வகுப்பில் அதற்குப் பிறகு கல், காகிதம், கத்தரியைத் தொட யாருக்கும் கை வரவில்லை. "கம்ப்யூட்டர் குலுக்கிப் போடட்டும் மிஸ், அது யாரையும் திருடின்னு சொல்லாது" என்றார்கள். சேர்ந்து எழுதினோம், அவர்களுடைய முதல் சொந்தப் புரோகிராம். எண்களின் வரிசை, அதிலிருந்து ஒன்றை எடு, பெரிதாகக் காட்டு. மூன்றே வரி. நேற்று முதல் தடவை ஓட்டினோம். திரையில் விழுந்த எண் பதினேழு.

அந்தக் கோழிக்காலை யாரும் தொடவில்லை. பள்ளிக்கூட நாய்க்குத்தான் போனது. இதை எப்படிச் சரிசெய்வது, சொல்.

ஆ-லிங்



ஷின்சு,
நவம்பர் 14

ஆ-லிங்,

கடிதம் கிடைத்தது. குப்பையில் போடத்தான் நினைத்தேன். அம்மாவின் பெயரைப் பார்த்ததால் படித்தேன்.

இதில் என்ன பிரச்சினை என்றே எனக்குப் புரியவில்லை. ஆள் இல்லாத எண்ணை வரிசையிலிருந்து எடுத்துவிடு. முடிந்தது. இது உனக்கே தெரியும். இதே கம்பெனியில் மூன்று வருஷம் என் பக்கத்து மாடியில் வேலை பார்த்தவள் நீ. தெரிந்ததை எதற்கு என்னிடம் கேட்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

மஞ்சள் பை வைத்தார்களா? நீ பார்த்துக்கொண்டா இருந்தாய்? உன் மூளையைக் கழற்றி மீன் உருண்டையோடு பிசைந்துவிட்டார்களா? இங்கே கோடிக்கணக்கில் விலை போகிற இயந்திரங்களின் தலையிலும் பச்சைதான் இருக்கிறது. காலாவதித் தேதி பார்த்து மாற்றுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு நாள் யாரோ பசிக்கிறது என்று ஒரு பையைப் பிரித்துத் தின்றுவிட்டார்கள், அன்று இரவு இயந்திர வரிசை முழுக்க ஓடாமல் நின்றது. நம்புகிறேனா என்று கேட்காதே. மாற்று.

புத்தாண்டுக்கு வர முடியாது. அந்த வாரம் எனக்கு வேலைமுறை. "இந்த வீட்ல உன் பேரு கிண்ணம் கழுவுறதுக்குத்தான் இருக்கு. வராதவளுக்கு வருஷா வருஷம் கிண்ணம் வெச்சு, எடுத்து, கழுவி அம்மாவுக்கு அலுத்துப்போச்சு" என்று அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. எனவே கிண்ணமும் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். கழுவுகிற வேலை மிச்சம்.

பெய்-வென்



தோங்காங்,
நவம்பர் 25

அக்கா,

பச்சைப் பை மாற்றியாயிற்று. மூன்றில் இரண்டு கம்ப்யூட்டர்கள் எழுந்துவிட்டன. மூன்றாவது நிஜமாகவே செத்துவிட்டது போலிருக்கிறது.

கிண்ணம் வேண்டாம் என்றதை அம்மாவிடம் சொன்னேன். உருண்டை பிசைகிற கையை நிறுத்தவில்லை. "ஒங்க சண்டைய என் சோத்துல கொண்டாந்து கொட்டாதீங்க. கிண்ணம் என்னோடது, மேஜை என்னோடது. அவ யாரு வேணாங்கறதுக்கு?" என்றாள். அப்புறம் ஒரு மணிநேரம் என்னோடு பேசவில்லை. நீ சொன்னதற்கு அடி எனக்கு விழுகிறது, பார்த்தாயா? நான் சொன்ன சொல் தப்புதான். அதைத் திரும்ப எடுக்க முடியாமல்தான் ஒன்பது மாதமாகப் போனில் எழுதிக்கொண்டே இருந்தேன். நீ படித்தால்தானே.

உன் யோசனையை வகுப்பில் சொன்னேன். "பதினேழ எடுத்துடலாம். ஆள் இல்லாத நம்பர்தானே."

வகுப்புத் தலைவி ஷு-ஹுவா எழுந்தாள். சண்டைக்கோழி மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பேசுகிற பெண். "மிஸ், சமையல்கட்டுலேர்ந்து நம்ம கிளாசுக்கு எத்தன கால் வருது?"

"வருகைப்பதிவுல எத்தன பேரோ அத்தன. இருபத்தாறு."

"நாங்க இப்ப எத்தன பேரு?"

"இருபத்தஞ்சு."

"அப்ப மிஞ்சுறது யாரோடது மிஸ்?"

எனக்குச் சுரீர் என்றது. அத்தனை நாளும் மிஞ்சினது, மிஞ்சினது என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரூ-யின் பெயர் பதிவில் இருப்பதால்தான் அந்தக் கால் வருகிறது. அது அவள் பங்கு. அவள் பங்கையே வைத்துக் குலுக்கிவிட்டு, குலுக்கலிலிருந்து அவள் எண்ணையும் எடுக்கச் சொல்லிக்கொண்டு நிற்கிறேன் நான், வாத்தியார்!

"அப்ப குலுக்கவே வேணாம். நேரா அவகிட்டயே குடுத்துடலாம்" என்றான் ஒருவன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த போ-யென் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "குடுத்தா வாங்க மாட்டா. ஜெயிச்சாத்தான் வாங்குவா."

அதனால் எண் அப்படியே இருக்கிறது. அடுத்த கோழிக்கால் நாளிலும் பதினேழு விழுந்தது. சாயங்காலம் கூட்டிப் பெருக்கி முடித்ததும் ஷு-ஹுவாவும் இன்னும் மூன்று பேரும் பனிக்கட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்த அத்தை வீட்டுக்குப் போனார்கள். நானும் பின்னால் போய்த் தெருமுனையில் நின்றேன். ரூ-யின் சன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"பிச்ச போட வந்தீங்களா?"

"பிச்சையும் இல்ல, கிச்சையும் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒன் நம்பர் விழுந்துச்சு, எடுத்துட்டு வந்தோம்."

"நான் இல்லாம என் நம்பர் எப்படி விழும்?"

"நீதான் இல்ல. நம்பர் இருக்குல்ல?"

சன்னல் சாத்திக்கொண்டது. கோழிக்கால் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தெரு தாண்டுவதற்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னப் பயல் வந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்த வாரமும் பதினேழேதான். மறுபடி போனார்கள். இந்தத் தடவை சன்னல் திறக்கவில்லை, ஆனால் போன வாரத்து டப்பா கழுவித் துடைத்துப் படியில் இருந்தது. அதைக் கழுவி வைத்தது அந்தச் சின்னப் பயலாக இருக்காது.

அந்தப் பெண் திரும்ப வர வேண்டும் அக்கா. பள்ளிப் பருவ முடிவுக்குள் வராவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் காலும் வராது, போய்க் கதவைத் தட்டச் சாக்கும் இருக்காது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

புரோகிராமை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அவர்களே தட்டச்சு செய்தது. அழகைப் பார்த்து ரசி.

ஆ-லிங்



ஷின்சு,
டிசம்பர் 4

ஆ-லிங்,

ரசித்தேன். நீ அதைப் படித்தாயா? வாத்தியாரம்மா, உன்னைத்தான் கேட்கிறேன்.

எண்களின் வரிசையை மறுபடி எடுத்துப் பார். மூன்றுக்கு அப்புறம் ஒரு பதினேழு. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு பதினேழு. பதினாறுக்கு அப்புறம், அதன் சரியான இடத்தில், ஒன்று. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இன்னொன்று. கடைசியில் ஒன்று. மொத்தம் ஐந்து. அடுத்தடுத்து வைத்தால் கண்ணில் படும் என்று தூவி வைத்திருக்கிறான் பயல். கெட்டிக்காரன். எனக்குக் கீழே வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு இந்த அளவு மூளை கிடையாது.

உன் வகுப்பில் யாரோ அவள் பக்கம் தராசைச் சாய்க்கிறார்கள். குலுக்கல் என்று சொல்லிக்கொண்டு பிச்சைதான் போய்க்கொண்டிருக்கிறது. அவள் சன்னலில் நின்று சொன்னதே சரி.

சத்தமில்லாமல் அந்த நான்கையும் அழித்துவிடு. இன்றைக்கே. யாரையும் நிற்க வைத்து விசாரிக்காதே. அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்தால் ஜென்மத்துக்கும் உன் வகுப்பு வாசலை மிதிக்க மாட்டாள். பரிதாபப்பட்டு எடுத்து வைத்த பங்கு தொண்டையில் இறங்காது, ஆ-லிங். எனக்குத் தெரியும். போன ஐந்து வருஷத்தில் மூன்று புத்தாண்டு நான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நீ மேஜையைப் படம் எடுத்து அனுப்புவாய். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், என் இடத்தில் ஒரு காலிக் கிண்ணமும் சாப்பாட்டுக் குச்சிகளும். "பாவம், அவளால வர முடியல" என்று அந்தக் கிண்ணம் என்னைப் பார்த்துச் சொல்லும். இங்கே உணவுக்கூடத்தில் நூடுல்ஸைத் தின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்க்கிறபோது எப்படி இருக்கும் என்று உனக்கு என்ன தெரியும்? வர முடியாதவள் மேல் படுகிற பரிதாபத்தை விட, மறந்துவிட்டார்கள் என்பது எவ்வளவோ மேல்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கிழிக்கவும் மனமில்லை.

அழித்துவிடு.

பெய்-வென்



தோங்காங்,
டிசம்பர் 22

அக்கா,

இன்றைக்கு வருஷத்தின் நீண்ட இரவு, குளிர்கால அரிசிமாவு உருண்டை தின்கிற நாள். அம்மா சிவப்பும் வெள்ளையுமாக உருட்டிப் பாகில் போட்டாள். தின்றால் ஒரு வயது கூடுமாம், தின்னாமல் விட்டாலும் கூடத்தான் போகிறது என்று நான் இரண்டு கிண்ணம் தின்றேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீ சொன்னபடியே ஐந்து பதினேழு இருந்தன. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அழிக்கிற பொத்தான்மேல் விரலை வைத்தேன், அக்கா. அழுத்தத் தோன்றவில்லை. எழுதினது பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாமல் நான் மாற்றினால், தெரியாமல் மாற்றினவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவோம். நாளைக்கு வகுப்பில் எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு வந்தேன். அந்த நாளைக்கு வேறு மாதிரி விடிந்தது.

மறுநாள் மதியம். விளக்கை அணைத்து, எல்லோரும் மேஜையில் தலை சாய்த்திருந்தார்கள். வாசலில் நிழல் தெரிந்தது. ரூ-யின்! சீருடை போட்டிருந்தாள். கைநீளம் இப்போது மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. புத்தகப்பை இல்லை.

"மிஸ், அந்தப் புரோகிராமக் காட்டுங்க" என்றாள். "கோழிக்கால் போடுற நாளெல்லாம் எனக்கே விழுதாம். இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. நான் பாக்கணும்."

இல்லை என்று சொல்ல முடியுமா? மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய இருபத்தைந்து பேரும் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரிப் பின்னால் வருகிறார்கள்.

அவள் என்னிடம் படித்தது மூன்றே பாடவேளை. இருந்தாலும் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி நின்றது. கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"யாரு செஞ்சது?"

நான்தான் என்று நானே சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. போ-யென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது.

"நான்."

"நீயா?" அவளுக்கே அது எதிர்பாராதது. "எதுக்குடா?"

"மொத தடவ நெசமாவே விழுந்துச்சு. சத்தியமா. நாங்க யாரும் ஒண்ணும் பண்ணல. அப்புறம்..." கையில் இருந்த காலணியை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் விழாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"என்னையத்தான திருடின்னு சொன்ன? இப்ப யாருடா திருடன்?"

"நான்தான்."

அவன் அப்படிப் பட்டென்று ஒப்புக்கொண்டதும் திட்டுவதற்கு என்று தயாராக வந்தவளிடம் திட்டு தீர்ந்துபோய்விட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதல் பதினேழை அழித்தாள். இரண்டாவதை அழித்தாள். நான்கும் போயிற்று. பதினாறுக்கு அப்புறம் இருக்கிற அந்த ஒன்று மட்டும் பாக்கி.

அவள் கர்சரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. அதையும் அழித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அழித்தால் இனி வரமாட்டாள் என்று அர்த்தம். ஷு-ஹுவா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரூ-யின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். "இது என்னோடது."

பிறகு போ-யென்னைப் பார்த்து, "இப்ப ஓட்டுடா" என்றாள்.

ஓட்டினான். எட்டு விழுந்தது. எட்டு நம்பர் குண்டுப் பயல் அந்தரத்தில் குதித்தான். "எட்டு! எட்டு! இந்தத் திருட்டுப் பயலால ஒரு மாசமா எனக்குக் கெடைக்காமப் போச்சு!" என்று போ-யென் முதுகில் ஒன்று வைத்தான். ரூ-யின் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே சிலர். மதியத் தூக்க நேரத்தில் இந்தக் கூத்தா என்று கணக்கு வாத்தியார் காவ் ஓடிவந்தார். திட்ட வாயெடுத்தவரிடம் ரூ-யின், "சார், அஞ்சு பதினேழு இருந்தா விழுறதுக்கு எவ்ளோ வாய்ப்பு, ஒண்ணு இருந்தா எவ்ளோ?" என்று கேட்டாள். மனிதர் சாக்கட்டியை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய அடுத்த பாடவேளை முழுக்க என் அறையிலேயே கழிந்தது. கடன் வாங்கினவர் முதல் தடவையாகத் திருப்பிக் கொடுத்த நாள் அது.

மறுநாள் புத்தகப்பையோடு வந்தாள். அதற்கு மறுநாளும். இப்போது கோழிக்கால் மிஞ்சினால், ஜெயிக்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று வகுப்பில் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படாதே. கிண்ணம் உன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது என்கிற இடம் வந்ததும் அம்மா வாயைப் பிளந்துவிட்டாள்.

"பரிதாபமா? இவ புத்தி போறதப் பாரு! பஸ்சு முன்னப்பின்ன வரும். திடுதிப்புன்னு வந்து நின்னா, வந்தவ கிண்ணம் எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. அதுக்குத்தான் வெக்கிறேன்."

அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நான் இதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, ஒரு பதினேழும் சேர்க்கவில்லை.

ஆ-லிங்



ஷின்சு,
ஜனவரி 5

ஆ-லிங்,

உன் கடிதத்தை வேலை முடிந்து, வேலையில் போடுகிற வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் உடைமாற்றும் அறையில் நின்றபடியே படித்தேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சைப் பை மாற்றுகிற அந்த முனைவர் பக்கத்தில் வந்து, "ஏதாச்சும் மெஷின் நின்னுடுச்சா?" என்று பதறினார். இல்லை, ஒன்று ஓட ஆரம்பித்திருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நீ அழிக்காதது சரி. நான் சொன்னது தப்பு. இதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதே.

பூனையைப் பற்றி நான் பேசியதும் தப்பு. ஆனால் நீ வேலையை விட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியது எனக்கு இன்னும் வலிக்கிறது. நீ சொன்ன சொல்லும் வலிக்கிறது. ஒரு ராத்திரியில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை இது. இரண்டு மூன்று ராத்திரி ஆகும் என்று நினைத்து ஐந்து நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். வேலைமுறையை மாற்றிக்கொள்ள அந்த முனைவர் ஒப்புக்கொண்டார். ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை, ட்சோயிங் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வருகிறேன். அங்கிருந்து பஸ். முன்னப்பின்ன ஆகும்.

உன் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி பச்சைப் பை அனுப்பியிருக்கிறேன், அடுத்த வருஷம் கடைசி வரை தாங்கும். அந்தச் செத்த கம்ப்யூட்டரை நான் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் திருகாணியைத் தொடக் கூடாது. போ-யென்னிடம் சொல், தூவி வைத்த விதம் நன்றாக இருந்தது, இனி அந்த மூளையை வேறு எதற்காவது செலவழிக்கச் சொல். ரூ-யின்னிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது.

அம்மாவை ஒரு ஆளுக்குக் கூடவே மீன் உருண்டை பிசையச் சொல். கிண்ணம் எப்போதும் வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் அதை நானே கழுவி வைக்கிறேன்.

அக்கா